வெயில் சிவப்பு

குழந்தை தூங்கினால்தான் இலக்கியாவுக்கு வேலை ஓடும். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. வயிறு முட்டப் பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, கையும் காலும் அசையாதபடி பருத்தித் துணியில் சுற்றி, காதில் பஞ்சடைத்து, அதன்மேல் குட்டிக் காதுமூடியை மாட்டி, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தள்ள வேண்டும். உள்ளே இருபது நிமிடம் டமடமவென்று இடிக்கும். நடுவில் முழித்துக்கொண்டு ஒரு சிணுங்கல் சிணுங்கினால் போச்சு, மறுபடி பாலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அன்றைக்குப் பங்குனி இருபது. திருச்சியில் வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து இது நாலாவது குழந்தை. பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மா ரித்திகாவுக்கு இருபத்திரண்டு வயது. சிசேரியன் ஆகி மாடியில் படுத்திருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாமியார் சுகந்தி.

"ஏம்மா, இந்தக் குழாய்க்குள்ள போட்டு எம் பேரன என்ன பண்ணப்போறீங்க?"

"ஒண்ணும் பண்ணமாட்டோம்மா. அளக்கப்போறோம், அவ்வளவுதான்."

"தலையவா?"

"மூளைக்குள்ள இருக்கிற நரம்ப. கரண்ட் ஒயருக்கு மேல ரப்பர் சுத்தியிருக்கும்ல, அதே மாதிரி நரம்புக்கு மேல ஒரு கொழுப்பு உறை வளரும். மத்த ஸ்கேன் போட்டோ எடுக்கும். இது கணக்கு எடுக்கும். இத்தன வாரக் குழந்தைக்கு இவ்வளவு உறை வந்திருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. அது வந்திருக்கான்னு பாத்து நம்பர் சொல்லும். நூறுன்னா கச்சிதம். எம்பதுக்கு மேல பச்சை, அதுக்குக் கீழ போனா சிவப்பு."

"சிவப்பு வந்தா?" சுகந்தியின் கை குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மருந்து இருக்கும்மா. ட்ரிப்ஸ் மாதிரி ஆறு மணி நேரம் ஏத்துவாங்க. எம் பையனுக்கே ஏத்துனதுதான். ஏழாம் மாசமே நடந்துட்டான். ஒரு வயசுல கதை கதையாப் பேசுனான். நீங்க ஏன் பயப்படறீங்க?"

இதை இலக்கியா இந்த மூன்று வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே கிடையாது. சாதாரண எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள், மகன் அகரனுக்கு மருந்து ஏற்றிக் காப்பாற்றிய இடம் என்ற நன்றியில் தனியாகப் படித்து இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். பிறந்த எல்லாக் குழந்தைக்கும் மூன்று நாளுக்குள் மூளை அளவு எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. கையெழுத்துப் போடத் தயங்கும் அப்பா அம்மாக்களிடம் டாக்டரே இவளைத்தான் அனுப்புவார். அவள் போனில் இருக்கும் அகரனின் வீடியோவைக் காட்டினால் எவரும் மடங்கிவிடுவார்கள். ஏழு மாதக் குழந்தை தத்தக்கா பித்தக்கா இல்லாமல் விறுவிறுவென்று நடக்கும் வீடியோ அது.

குழந்தை தூங்கியது. இலக்கியா காதுமூடியை மாட்டும்போது இடது காது மடங்கி மாட்டிக்கொண்டது. தளர்த்தி, விரலால் காதை நிமிர்த்தப் போனாள். சாதாரணமாக அது தானே பட்டென்று நிமிரும். இந்தக் காது மடங்கியது மடங்கியபடியே கிடந்து, மாதம் நிறையாத பிள்ளையின் காதைப் போல யோசித்து யோசித்து எழுந்தது.

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். பதிவைப் பார்த்தாள். நாற்பத்தொரு வாரம், எடை இரண்டு கிலோ முந்நூறு. துணியைக் கொஞ்சம் விலக்கிக் குழந்தையின் உள்ளங்காலைப் பார்த்தாள். நாள் தாண்டிப் பிறந்த பிள்ளையின் காலில் கோடு கோடாக ஓடியிருக்க வேண்டும். இது வழவழவென்று இருந்தது. அவள் சட்டென்று துணியை மூடிவிட்டாள். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவள் மூடுகிற மாதிரி மூடினாள்.

இருபது நிமிடம் கழித்துத் திரையில் நம்பர் வந்தது. அறுபத்தொன்று. சிவப்பு.

டாக்டர் அருளானந்தம் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஆரம்பிச்சுடுச்சு பாருங்க, வெயில் சிவப்பு."

வருடா வருடம் பங்குனி, சித்திரையில் சிவப்பு எகிறும். மற்ற மாதத்தில் நூற்றுக்கு மூன்று என்றால் இந்த இரண்டு மாதத்தில் ஒன்பது, பத்து. கடைசி மாதத்தில் தாய்க்கு ஏறும் சூடுதான் காரணம் என்று டாக்டர் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். வெளிநாட்டில் போய் வாசித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தார். மனுசன் நல்லவர், அதில் குறை சொல்ல முடியாது. குழந்தைகளைத் தொடுமுன் கையை உரசிச் சூடாக்கிக்கொள்கிற டாக்டர் எத்தனை பேர்?

"நாலு மணிக்கு மருந்து ஆரம்பிச்சுடலாம். அம்மாகிட்ட நீங்களே பேசிடுங்க இலக்கியா."

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"ஒருவேள நல்லா இருக்கிற குழந்தைக்கு இந்த மருந்த ஏத்திட்டா என்ன சார் ஆகும்?"

அவர் சிரித்தார். "மூணு வருஷமா இல்லாம இப்பக் கேக்கறீங்க? உறை நேரத்துக்கு முன்னாடியே மூடிக்கும். வீடு கட்டறப்ப சுவத்துல ஒயர் ஓட்டி முடிச்சுட்டுத்தான பூசணும்? ஓட்டறதுக்கு முன்னாடியே பூசிட்டா? இருக்கிற லைட்டு பளிச்சுன்னு எரியும், புதுசா ஒரு ஸ்விட்ச் வைக்க முடியாது. அந்தக் குழந்தை சீக்கிரம் நடக்கும், சீக்கிரம் பேசும், நாம எல்லாரும் கைதட்டுவோம். அப்புறம் அங்கேயே நின்னுடும். அதனாலதான நம்பர் பாத்துப் போடறோம். ஏன், என்ன விஷயம்?"

"சும்மாதான் சார்."

சும்மா இல்லை.

அறைக்குத் திரும்பியதும் போன் அடித்தது. கணவன் பிரசன்னா. பின்னணியில் அகரன் வீறிட்டுக் கத்துவது கேட்டது.

"புதுச் செருப்பு வாங்கிட்டு வந்தேன் இலக்கியா. பழசு கால்ல நுழையவே மாட்டேங்குது. போடமாட்டேங்கிறான். செவுத்துல போய் முட்டிக்கிறான்."

"பழசையே மாட்டி விடுங்க."

"கால் கிழியுதுடி!"

"பின்பக்கத்தை வெட்டிட்டு மாட்டுங்க. அவன் பாக்காம வெட்டுங்க."

அகரனுக்கு நாலு வயது முடியப்போகிறது. இரண்டு வயதில் எத்தனை பாட்டுத் தெரியுமோ அத்தனைதான் இன்றைக்கும் தெரியும். அதற்கப்புறம் ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு, ஒரு புது ஆளின் பெயர், எதுவும் உள்ளே போகவில்லை. சாயங்காலம் இவள் வீட்டுக்குப் போனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அம்மா, பஸ்சு வந்துச்சா?" என்பான். "வந்துச்சு சாமி" என்று இவள் சொல்ல வேண்டும். ஒருநாள் ஆட்டோவில் போய் இறங்கி, "ஆட்டோல வந்தேன்டா" என்றாள். அன்றைக்கு அவன் அழுகையை நிறுத்த மூன்று மணி நேரம் ஆயிற்று. டாக்டரிடம் கேட்டதற்கு, "சிவப்புக் குழந்தைங்க இப்படித்தான். மருந்து போடலேன்னா இதுகூட இருந்திருக்காது" என்றார். அந்த வார்த்தையைத்தான் இலக்கியா இத்தனை நாளும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

மணி ஒன்றரை. மாடிக்குப் போனாள்.

ரித்திகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமியார் பெருமையாகப் பக்கத்துக் கட்டில்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நாங்க எல்லாம் கரெக்டா பண்ணுவோம். ஆனியில கல்யாணம். ஆடி ஒண்ணாந்தேதிக்கு முத நாளே பொண்ண அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டோம்ல. சித்திரையில புள்ள பொறந்தா எங்க வீட்டுக்கு ஆகாது. எங்க கொழுந்தன் அப்படிப் பொறந்துதான் என் மாமனார் போய்ச் சேந்தாரு. இவ ஆடிக்கு முன்னாடியே உண்டாயிட்டா. ஆனா பாருங்க, நாள் தாண்டியும் வலியே வரல. தேதி தாண்டிடுச்சுன்னு டாக்டருங்க வயித்தக் கீறி எடுத்தாங்க. எப்படியோ பங்குனியிலயே பொறந்துட்டான், எங்க குலசாமி புண்ணியம்."

"ஸ்கேன்லாம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள் இலக்கியா.

"அஞ்சு மாசம் வரைக்கும் நாங்க வெளிய சொல்லவே இல்லம்மா, கண்ணு பட்டுடும். அப்புறம் எடுத்தோம். நாள் கணக்குக்குப் புள்ள சிறுசா இருக்கு, நல்லா சாப்பிடுன்னாங்க. இவ எங்க சாப்பிடறா?"

ரித்திகா திரும்பவே இல்லை. ஆனால் போர்வைக்குள் அவள் தோள் விறைத்ததை இலக்கியா பார்த்தாள்.

மருந்துக்குச் சம்மதக் காகிதம் இலக்கியாவின் கையில் இருந்தது. அதை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது வேலை. உனக்கு என்ன வந்தது? நீ டாக்டரா? நம்பர் எடுத்துக் கொடுப்பது உன் வேலை, கொடுத்துவிட்டாய். அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பிள்ளையின் வாரக் கணக்கு தப்பு என்று அவள் வாயைத் திறந்தால், அப்புறம் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தாக வேண்டும். நாலு வருடமாக அவள் தொடாமல் தள்ளி வைத்திருக்கிற கணக்கு. தொடக்கூட பயம். பேசாமல் இருந்தால் அது அப்படியே தூங்கும். அகரன் காப்பாற்றப்பட்ட பிள்ளையாகவே இருப்பான்.

பிறகு அந்தக் காது ஞாபகம் வந்தது. மெல்ல மெல்ல எழுந்த அந்தப் பிஞ்சுக் காது.

எழுந்து போய் சுகந்தியிடம், "அம்மா, பிறப்புப் பதிவுக்கு வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கீழ ஆபீஸ்ல நிக்கணுமாம். வரிசை பெருசா இருக்கு, சீக்கிரம் போங்க" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். வீட்டுப் பெரியவர் என்றதும் சுகந்தி புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

இலக்கியா கட்டிலில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"ரித்திகா, கடைசியா தூரமானது எப்போ?"

"அதான் எழுதியிருக்கேக்கா. ஆனி நாலு."

"எழுதுனத கேக்கல."

"ஆனி நாலுதாங்கா! என்னய எதுக்கு இப்படிக் கேக்கறீங்க?"

"நாலு மணிக்கு உம் புள்ளைக்கு மருந்து ஏத்தப்போறாங்க. நாப்பத்தொரு வாரத்துக்கு இவ்வளவு வளர்ச்சி பத்தாதுன்னு ஏத்தறாங்க. முப்பத்தாறு வாரம்னா அது சரியான வளர்ச்சி. அப்ப அந்த மருந்து விஷம். ஏத்திட்டா திரும்ப எடுக்க வழியே இல்ல. இப்பச் சொல்லு."

ரித்திகா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வயிற்றுத் தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுளித்தது.

"ஆடிப்பெருக்கா?" என்று இலக்கியாவே கேட்டாள். "தாலிக்கயிறு மாத்திக் கட்ட ஆத்தங்கரைக்கு வந்திருப்பீங்க. சொந்தபந்தம் எல்லாம் இருந்திருக்கும். மறுநா அவரு தனியா வந்திருப்பாரு. ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன்னு வீட்ல சொல்லிட்டு."

ரித்திகா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

இலக்கியா கட்டிலில் தொங்கிய பதிவுக் காகிதத்தைக் கழற்றி அவள் பக்கம் வைத்தாள்.

"அதுக்குப் பன்னெண்டு நாள் முன்னாடிதாங்கா அம்மா வீட்ல தூரமானேன். ஆவணியில தள்ளிப்போனதும் பயந்துட்டேன். கணக்குப் பாத்தா சித்திரையில வருது. அத்தை என்னய உயிரோட விடமாட்டாங்க. அதான் ஒரு மாசம் முன்னாடி சொன்னேன். அம்மாவும் அப்படியே சொல்லிடுன்னாங்க. ஒரு மாசம்தானேக்கா, யாருக்கு என்ன நஷ்டம்னு..."

"மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடு. நான் டாக்டர்கிட்ட பேசறேன்."

"ஐயோ வேணாங்கா!" இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "'எம் மகன் ஆடியில உங்க வீட்டுக்கு வரவே இல்லையே, அப்ப இது யாரு புள்ள'ன்னு அத்தை கேப்பாங்க. அவங்க கேப்பாங்கக்கா, உங்களுக்குத் தெரியாது."

"உம் புருஷன் சொல்லமாட்டானா?"

"அவங்க அம்மாவுக்கு முன்னாடி அவருக்கு வாயே வராது. மருந்து போட்டா என்ன ஆயிடும்? நல்லதுக்குத்தானே போடறாங்க? உங்க பையனுக்கே போட்டீங்க, ஏழு மாசத்துலயே நடந்தான்னு அத்தை சொன்னாங்களே!"

இலக்கியா போனை எடுத்தாள். வழக்கமாகக் காட்டுகிற வீடியோவைக் காட்டவில்லை. பிரசன்னா மத்தியானம் அனுப்பியிருந்ததைக் காட்டினாள். பின்பக்கம் வெட்டிய செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரில் முட்டிய நெற்றி வீங்கியிருக்க, அகரன் ஒரே பாட்டை ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாடிக்கொண்டிருந்தான்.

"நாலு வயசு" என்றாள். "ரெண்டு வயசுலயும் இப்படித்தான் பாடுனான். நாப்பது வயசுலயும் இப்படித்தான் பாடுவான்."

ரித்திகா வீடியோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "பையன் எப்பக்கா பொறந்தான்?"

"பங்குனி இருபத்தேழு."

ரித்திகா கையை நீட்டினாள். இலக்கியா பேனாவைக் கொடுத்தாள். ஆனி நாலை அடித்துவிட்டு ஆடி ஆறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். படுத்தபடியே எழுதியதில் பெயரின் கடைசி எழுத்து காகிதத்தை விட்டு வெளியே போயிற்று.

"அத்தை வந்து கேட்டா?"

"நான் இங்கதான் இருப்பேன். எங்கிட்ட கேக்கச் சொல்லு."

டாக்டர் அறைக்குள் நுழையும்போது மணி மூன்று இருபது. அவர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். புது வாரத்தைப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினார். அறுபத்தொன்று இருந்த இடத்தில் தொண்ணூற்றாறு வந்து நின்றது. பச்சை.

"நல்லவேள" என்று மூச்சு விட்டார். வார்டுக்குப் போன் போட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"காது சட்டுன்னு நிமிரல சார், அது ஒண்ணு. இன்னொண்ணு, ஆடி."

"ஆடியா?"

அவருக்கு இந்தப் பழக்கம் அவ்வளவாகத் தெரியாது. மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர். இலக்கியா விளக்கினாள். புதுப் பெண்ணை ஏன் பிரிக்கிறார்கள், எந்தத் தேதியை ஏன் மாற்றிச் சொல்கிறார்கள், அப்படி மாற்றினால் குழந்தை எந்த மாதத்தில் வந்து விழும், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே எழுந்தார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன் கட்டுரையின் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். பங்குனியில் ஏறி, சித்திரையில் உச்சம் தொட்டு, வைகாசியில் இறங்கும் கோடு.

"அப்ப இது வெயில் இல்லையா?" என்றார்.

இலக்கியா தலையை ஆட்டினாள்.

"ஆறு வருஷம்" என்றார். "நம்ம ஒரு மையத்துல மட்டும் எத்தன பேரும்மா?"

"தெரியல சார். நாந்தான் வீடியோ காட்டிக் கையெழுத்து வாங்குனேன்."

அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். பயந்துபோன மனிதரை அவள் அதற்குமுன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இவளாலும் அங்கே நிற்க முடியவில்லை. கீழே தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழைய அளவுகளை இயந்திரம் அழிப்பதில்லை. தேதி மட்டும் மாற்றினால் போதும். அகரனின் பதிவைத் திறந்தாள். நாற்பத்திரண்டு வாரம், ஐம்பத்தெட்டு, சிவப்பு. நாலு வருடத்துக்கு முன் மாமியார் பக்கத்தில் நிற்க, நர்ஸ் கேட்டதும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்த தேதி அப்படியே இருந்தது. அதை அழித்தாள். உண்மையான தேதியைப் போட்டாள். அது அவளுக்கு மறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். மறக்கவில்லை. விரல் தானாகவே போட்டது.

சாமி, சிவப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தத் தாயும் இப்படி வேண்டியிருக்க மாட்டாள். என் பிள்ளை குறையோடுதான் பிறந்தான், மருந்துதான் காப்பாற்றியது என்று இருக்கட்டும். சிவப்பாகவே இருக்கட்டும்.

நூற்றிரண்டு. பச்சை.

மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று மாடியில் சுகந்தியின் குரல் உயர்ந்ததும், இவள் ஓடிப் போய் ரித்திகாவின் கட்டிலுக்கு முன் நின்றதும், எல்லாப் பழியையும் இயந்திரத்தின் மேல் போட்டு, "மெஷின்தான்மா தப்பாக் காட்டிடுச்சு, உங்க பேரன் ஜம்முனு இருக்கான்" என்று சாதித்ததும் ஏதோ கனவில் மாதிரி நடந்தது. சுகந்தி உடனே சமாதானமாகிக் குலசாமிக்கு ஒரு கும்பிடு போட்டார். ரித்திகா கண்ணாலேயே நன்றி சொன்னாள்.

அன்றைக்கு பஸ்சைத் தவறவிட்டுவிட்டாள். ஷேர் ஆட்டோவில் வந்து தெருமுனையிலேயே இறங்கி நடந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அகரன் நின்றான். காலில் அந்த வெட்டிய செருப்பு.

"அம்மா, பஸ்சு வந்துச்சா?"

அவள் அவனைத் தூக்கிக்கொண்டாள். நெற்றி வீக்கத்தைத் தடவிக் கொடுத்தாள். காதை மெல்ல மடக்கினாள். பட்டென்று நிமிர்ந்தது.

"வந்துச்சு சாமி" என்றாள்.